சுமையறிதல்

பயணம் என்றதும் நம் மனக்கண் முன் வந்து நிற்பது பாதை. அதற்கடுத்து, போய்ச் சேரும் இடம். எதில் ஏறிப் போகிறோம் என்பதையும் சற்று எண்ணிப் பார்க்கிறோம். ஆனால், எதைச் சுமந்து போகிறோம், அதை எதில் வைத்துச் சுமக்கிறோம் என்பதைப் புறப்படும் நாளின் முன்னிரவு வரை பெரும்பாலும் நாம் நினைப்பதில்லை. பேருந்திலோ மகிழுந்திலோ போகிறவருக்கு இதனால் பெரிய கேடு ஒன்றும் நேர்ந்துவிடாது. பெட்டி கூடிப்போனால் காலடியில் ஒன்றை வைத்துக்கொள்ளலாம். மடியில் ஒன்றை ஏந்திக்கொள்ளலாம். இரண்டே சக்கரங்களின் மேல் நெடுந்தொலைவு போகிறவர் நிலை அப்படிப்பட்டதன்று. அவருக்குச் சுமையும் வண்டியின் ஓர் உறுப்பு. சுமை சாய்ந்தால் வண்டி சாயும். வண்டி சாய்ந்தால் மனிதர் சாய்வர். இவ்வுண்மையை நான் நூலில் படித்து அறியவில்லை. அறிந்த விதத்தைச் சொல்லவே இக்கட்டுரையை எழுதத் துணிந்தேன்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு ஜூலை மாதத்து மாலையில், ஈப்போவிலுள்ள எங்கள் வீட்டின் முன்கூடத்தில் அமர்ந்து செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தேன். என் மகள் வந்து எதிரே அமர்ந்தாள்.

“அப்பா, ஆகஸ்டில் தோழியர் இருவருடன் மோட்டார் சைக்கிளில் கிழக்குக் கரைக்குப் போகலாம் என்றிருக்கிறேன். கிரிக் வழியாகக் கோத்தா பாரு, அங்கிருந்து கடலோரமாகவே கோல திரங்கானு, குவாந்தான், பிறகு கோலாலம்பூர் வழியாக வீடு. ஆறு நாள் பயணம். எந்தப் பெட்டி வாங்கலாம் என்று ஒரு யோசனை சொல்லுங்கள்” என்றாள்.

ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர்! ‘போகலாமா’ என்று அவள் கேட்கவில்லை. ‘எந்தப் பெட்டி’ என்றுதான் கேட்டாள். வேலை பார்த்துச் சொந்தப் பணத்தில் 150 சி.சி. வண்டி வாங்கி, ஈராண்டுகளாக நாள்தோறும் அதில் போய்வருகிறவள். அவளைத் தடுக்க எனக்கு வாய் வரவில்லை. ஆயினும், ‘கிரிக் வழியாக’ என்று அவள் சொன்ன மாத்திரத்தில் என் கையிலிருந்த செய்தித்தாள் தானாக மடிந்துகொண்டது. “பார்க்கலாம் அம்மா” என்று மட்டும் சொல்லிவைத்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை இருவரும் நகரிலுள்ள ஒரு கடைக்குப் போனோம். மோட்டார் சைக்கிளில் பொருள் ஏற்றிச் செல்ல இத்தனை வகையான பெட்டிகளும் பைகளும் உண்டு என்பதை அன்றுதான் கண்டேன். நம் நாட்டில் தெருவுக்குத் தெரு காணப்படுவது வண்டியின் பின்புறத்தில் பூட்டிவைக்கும் கடினமான நெகிழிப் பெட்டி. முன்னாளில் மோட்டார் சைக்கிள் பந்தய வீரராக விளங்கிய ஜூசெப்பே விசென்சி என்பவர் 1978ஆம் ஆண்டு இத்தாலியில் தொடங்கிய ‘கிவி’ நிறுவனத்தின் பெயரே அவ்வகைப் பெட்டிக்கு இங்குப் பொதுப்பெயர் போல ஆகிவிட்டது. அதற்கு அப்பால், வண்டியின் இரு விலாவிலும் மாட்டும் அலுமினியப் பெட்டிகள், இருக்கையின் குறுக்கே போட்டு இருபுறமும் தொங்கவிடும் துணிப்பைகள், எண்ணெய்த் தொட்டியின் மேல் வைக்கும் சிறு பை, வாயைச் சுருட்டி மூடினால் நீர் புகாத உருளைப் பை எனப் பலவும் வரிசையாக இருந்தன.

கடைக்காரர் பொறுமைசாலி. ஒவ்வொன்றின் நன்மை தீமைகளையும் எடுத்துரைத்தார். கடினப் பெட்டிக்குப் பூட்டு உண்டு. உணவுக்கோ உறக்கத்துக்கோ வண்டியை நிறுத்திவிட்டுப் போகிறவர் மனம் அமைதியாக இருக்கும். மூடியின் விளிம்பில் ரப்பர் வளையம் இருப்பதால் மழைநீர் எளிதில் புகாது. ஆனால், விலாவில் மாட்டும் அலுமினியப் பெட்டி இரண்டும், அவற்றைத் தாங்கும் இரும்புச் சட்டமும் சேர்ந்தால், ஒரு கைக்குட்டைகூட உள்ளே வைக்காமலே பத்துக் கிலோவுக்கு மேல் போய்விடும். அகலமும் மிகுதி, நெரிசலில் இரு மகிழுந்துகளுக்கு இடையே புகும்போது நம் தோள் போகும் வழியில் பெட்டி போகாது. துணிப்பையோ எடையற்றது, விலையும் குறைவு, கீழே விழுந்தாலும் நசுங்கி எழும். ஆனால், பூட்ட முடியாது. உள்ளே நீர் புகாத பை ஒன்றை இடாவிட்டால் மழையில் எல்லாம் நனையும். புகைக்குழாயின் பக்கம் சாய்ந்தால் கருகியும் போகும்.

“விழுந்தால் எது நல்லது?” என்று நான் கேட்டேன்.

கடைக்காரர் என்னை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். “ஐயா சரியானதைக் கேட்கிறீர்கள். மணல் பாதையில் மெதுவாகப் போகும்போது பலரும் காலை ஊன்றுவார்கள். பக்கப்பெட்டி கடினமாக இருந்தால் அது பின்னாலிருந்து வந்து ஊன்றிய காலை இடித்து மடக்கும். துணிப்பை என்றால் அந்த அளவுக்குத் தீங்கில்லை” என்றார்.

மகள் பெரியதொரு பின்பெட்டியைத் தட்டிப் பார்த்து, “இதில் எல்லாவற்றையும் போட்டுவிடலாமே, அப்பா. ஒரே பெட்டி, ஒரே சாவி” என்றாள்.

“வேண்டாம்” என்றேன். என் குரல் எனக்கே உரத்துக் கேட்டது. அவள் வியப்புடன் நோக்கினாள். அன்று எதையும் வாங்காமல் வீடு திரும்பினோம்.

எங்கள் வீட்டுப் பின்னறையில் ஒரு தகரப் பெட்டி இருக்கிறது. என் தாத்தா 1930களில் நாகப்பட்டினத்தில் ‘ரஜூலா’ கப்பல் ஏறியபோது தலையில் சுமந்து வந்த பெட்டி அது. 1926ஆம் ஆண்டு வெள்ளோட்டம் கண்டு, ஏறத்தாழ அரை நூற்றாண்டுக் காலம் நம் முன்னோரைத் தமிழகத்துக்கும் இந்நாட்டுக்கும் இடையே ஏற்றி இறக்கிய அக்கப்பலைப் பற்றிப் பாட்டி சொல்லக் கேட்டே நாங்கள் வளர்ந்தோம். ஈரடி நீளம், மூலைகளில் இரும்புத் தகடு, மூடியின் மேல் மங்கிப்போன பச்சை வண்ணம். அதன் இடப்பக்க முன்மூலை உள்நோக்கி நசுங்கியிருக்கும். இப்போது அதில் பழைய நிழற்படங்களும் சான்றிதழ்களும் உறங்குகின்றன.

அன்றிரவு மகள் சிரித்துக்கொண்டே அப்பெட்டியை இழுத்து வந்து கூடத்தில் வைத்தாள். “கடைப் பெட்டி எதுவும் உங்களுக்குப் பிடிக்கவில்லை. கொள்ளுத்தாத்தாவின் பெட்டியையே கட்டிக்கொண்டு போகட்டுமா?” என்றவள், நசுங்கிய மூலையை விரலால் தடவி, “இது எப்படி நேர்ந்தது? கப்பலிலா?” என்று கேட்டாள்.

முப்பது ஆண்டுகளுக்கு மேலாக யாரும் கேட்காத கேள்வி. என் துணைவியார் அடுக்களை வாசலில் வந்து நின்றார். நான் சொல்லத் தொடங்கினேன்.

1983ஆம் ஆண்டு டிசம்பர் மாதம். அப்போது நான் பயிற்சி முடித்துத் தோட்டத் தமிழ்ப்பள்ளி ஒன்றில் ஆசிரியராகச் சேர்ந்து ஓராண்டு நிறைந்திருந்தது. சுங்கை சிப்புட்டுக்கு அருகில் ஒரு ரப்பர் தோட்டத்து லயத்தில் எங்கள் குடும்பம் வாழ்ந்தது. அப்பா பால்மரம் வெட்டுகிறவர். பயிற்சிக் கல்லூரியில் என்னுடன் பயின்ற நண்பர் ஒருவர் கிளந்தானில் கோலக்கிராய்ப் பகுதியில் பணியாற்றினார். அங்குத் தமிழர் தொகை மிகக் குறைவு. பிள்ளைகள் பாடநூலைத் தவிர வேறு தமிழ்நூலைக் கண்ணால் காண்பது அரிது என்று எழுதியிருந்தார். கையிலிருந்த நூல்களோடு பலரிடமும் கேட்டுத் திரட்டிய கதைநூல்களையும் சேர்த்து, ஆண்டிறுதி விடுமுறையில் நானே நேரில் கொண்டுபோய்க் கொடுப்பதென்று முடிவு செய்தேன்.

அதற்கு முன்னெல்லாம் பேராக்கிலிருந்து கிளந்தானுக்குச் சாலை வழியே போவதென்றால் தெற்கே இறங்கி நெடுந்தொலைவு சுற்ற வேண்டும். 1970ஆம் ஆண்டில் தொடங்கிய கிழக்கு மேற்கு நெடுஞ்சாலைப் பணி நிறைவுற்று 1982இல்தான் கிரிக்குக்கும் ஜெலிக்கும் இடையே காட்டை ஊடுருவி வழி பிறந்தது. தெமெங்கோர் ஏரியைக் கடந்து தித்திவாங்சா மலைத்தொடரின் மீது ஏறி இறங்கும் அப்புதிய சாலையில் போய்வருவது எங்களைப் போன்ற இளைஞர்க்கு ஒரு பெருமை. அக்காலத்தில் காட்டினுள் கம்யூனிஸ்டுப் போராளிகள் இருந்தமையால் இருட்டிய பின் அச்சாலையில் போக்குவரவு இல்லை. பகலுக்குள் கடந்துவிட வேண்டும்.

என்னிடம் இருந்தது ஹோண்டா 70. துணைக்கு வருவதாகச் சொன்னவன் என் தம்பி. அவனுக்கு அப்போது பதினெட்டு வயது. தோட்டத்துக் காற்பந்துக் குழுவில் இடப்பக்கம் ஆடுகிறவன். பந்து அவன் காலுக்கு வந்துவிட்டால் திடலைச் சுற்றி நிற்கும் பெண்டிரும் குரல் எழுப்புவர். வட்டாரக் குழுவுக்குத் தேர்வாகும் வாய்ப்பு இருப்பதாகக் கிராணியாரே சொல்லியிருந்தார்.

புறப்படும் முன்னிரவு, தாத்தாவின் தகரப் பெட்டியில் நூல்களை அடுக்கி, வண்டியின் பின்னிருக்கைக்குப் பின்னே பற்றவைத்திருந்த இரும்புத் தாங்கியின் மேல் ஏற்றி, பழைய டியூபைக் கிழித்த ரப்பர் நாடாவால் இறுகக் கட்டினேன். முப்பது கிலோவுக்குக் குறையாது. அப்பா வந்து பார்த்தார். வண்டியின் கைப்பிடியைப் பிடித்து இலேசாக இடமும் வலமும் அசைத்துப் பார்த்தார்.

“ஐயா, இது உயரத்தில் ஒரே இடத்தில் உட்கார்ந்திருக்கிறது. இரண்டாகப் பிரித்து, இரண்டு சாக்கில் போட்டு, இரண்டு பக்கமும் தாழத் தொங்கவிடு. பாரம் காலுக்குப் பக்கத்தில் இருந்தால்தான் உடம்புக்குக் கட்டுப்படும்” என்றார்.

அவர் அறியாமல் சொல்லவில்லை. நாற்பது ஆண்டுகள் நாள்தோறும் காண்டாக் கம்பின் இரு முனையிலும் பால்வாளிகளை மாட்டித் தோளில் சுமந்து, மேடும் பள்ளமுமான நிரைகளின் ஊடே பால் நிறுக்கும் கொட்டகைக்கு நடந்தவர். ஒரு வாளி நிறைந்து மற்றது குறைந்தால் நிறைந்ததிலிருந்து கொஞ்சம் எடுத்துக் குறைந்ததில் ஊற்றிய பிறகே கம்பைத் தோளில் ஏற்றுவார். மழை நாளில் களிமண் சரிவில் இறங்கும்போதும் அவர் வாளியிலிருந்து ஒரு துளி சிந்தி நான் கண்டதில்லை. வாளிகளின் பிடிக்கயிற்றைக் குட்டையாக்கினால் கம்பு ஆடும், நீளமாக்கினால் கல்லில் இடிக்கும் என்று அளவு பார்த்துக் கட்டுவார்.

நானோ ஆசிரியன். சாக்குப்பையில் நூல்களைக் கட்டிக்கொண்டு ஒரு பள்ளிக்கூடத்து வாசலில் போய் இறங்குவதா? பார்க்கிறவர் அரிசி வியாபாரி என்றல்லவா நினைப்பர்? “சாக்கில் போட்டால் புத்தகம் கெட்டுவிடும் அப்பா. உங்களுக்குத் தெரியாது” என்றேன். அப்பா மறுமொழி சொல்லாமல் உள்ளே போய்விட்டார். எழுதப் படிக்கத் தெரியாத அவரிடம் ‘உங்களுக்குத் தெரியாது’ என்று நான் சொன்ன அச்சொல்லைத் திரும்பப் பெற இன்றுவரை எனக்கு வழி கிடைக்கவில்லை.

இத்தனைக்கும், அந்த ஆண்டுதான் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வலியறிதல் அதிகாரத்தை நடத்தியிருந்தேன். மென்மையான மயில்தோகையே ஆனாலும் அளவுக்கு மிஞ்சி ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும் என்ற வள்ளுவர் கருத்தைக் கரும்பலகையில் வண்டி வரைந்து, சக்கரம் வரைந்து, அச்சையும் வரைந்து விளக்கியிருந்தேன். பிள்ளைகள் கைதட்டினர்.

மறுநாள் விடியுமுன் கிளம்பினோம். கோலகங்சார், லெங்கோங் வழியாகக் கிரிக் அடையும்வரை இடர் ஒன்றுமில்லை. மலைச்சாலை தொடங்கியதும் வண்டி திணறியது. எடை முழுவதும் பின்சக்கரத்து அச்சுக்கு அப்பால் இருந்தமையால், ஏற்றத்தில் முன்சக்கரம் தரையில் அழுந்தாமல் மிதப்பது போலத் தோன்றியது. ஏற்றப்பலகையின் ஒரு முனையில் பருத்தவன் ஏறி அமர்ந்தால் மறுமுனை எழுவதில்லையா? அதே நெம்புகோல் கணக்குத்தான். பெட்டி உயரத்தில் இருந்தமையால் ஈர்ப்பு மையமும் உயர்ந்து, வளைவுதோறும் வண்டி தேவைக்கு மேல் சாய்ந்தது. சாய்ந்ததை நிமிர்த்தக் கையில் வலு போதவில்லை. இரண்டு முறை நிறுத்திக் கட்டை இறுக்கினோம். நேரம் போய்க்கொண்டே இருந்தது. இருட்டுவதற்குள் ஜெலி சேர வேண்டும் என்ற பதற்றம் வேறு.

நண்பகலுக்குப் பின் மலையின் கிழக்குச் சரிவில் இறங்குகையில் மழை பிடித்துக்கொண்டது. நவம்பர் முதல் கிழக்குக் கரையில் வடகிழக்குப் பருவமழை கொட்டும் என்பது பள்ளிப் பிள்ளையும் அறிந்தது; அதையும் நான் எண்ணவில்லை. நனைந்த ரப்பர் நாடா வழுக்கித் தளர்ந்தது. ஓர் இடவளைவில் தடையை அழுத்தினேன். பெட்டி ஒருபுறமாக நகர்ந்ததை முதுகுக்குப் பின்னே உணர்ந்தேன். “அண்ணே!” என்று தம்பி கூவியது காதில் விழுந்தது. அடுத்த கணம் மூவரும் தரையில் இருந்தோம்: நான், தம்பி, பெட்டி.

எனக்குச் சிராய்ப்பு மட்டுமே. 1973 முதல் இந்நாட்டில் தலைக்கவசம் கட்டாயமாகியிருந்தது. அது எங்கள் இருவர் தலையையும் காத்தது. ஆனால், கட்டவிழ்ந்த பெட்டியின் இரும்பு மூலை தம்பியின் இடக்கால்மேல், முழங்காலுக்குச் சற்றுக் கீழே விழுந்திருந்தது. அக்காலின் நிலையை இங்கு எழுதப் போவதில்லை. சாலையெங்கும் நூல்கள் மழையில் விரிந்து கிடந்தன.

மரம் ஏற்றி வந்த ஒரு மலாய்க்கார லாரி ஓட்டுநர் எங்களைக் கண்டு நிறுத்தினார். தம்பியைத் தூக்கித் தம் இருக்கையின் அருகே படுக்கவைத்தார். நான் பதறி ஏறப் போனபோது, அவர் மழையில் நனைந்தபடியே திரும்பிப் போய்ச் சிதறிய நூல்களைப் பொறுக்கிப் பெட்டியில் போட்டு எடுத்து வந்தார். அவற்றில் ஓர் எழுத்தையும் அவரால் படித்திருக்க முடியாது. அவர் பெயரைக்கூட நான் கேட்டுக்கொள்ளவில்லை.

இரண்டு நாள் கழித்துப் பேருந்து மாறி மாறி அப்பா மருத்துவமனைக்கு வந்து சேர்ந்தார். தம்பியின் கட்டிலருகே நெடுநேரம் நின்றார். நான் தலைகுனிந்து நின்றேன். ‘சொன்னேனே, கேட்டாயா’ என்பார் என்று காத்திருந்தேன். கேட்டிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவர் என்னைப் பார்த்துக் கேட்டது ஒன்றே ஒன்று: “புத்தகமெல்லாம் நனைந்துவிட்டதாய்யா?”

அன்று மாலை நண்பர் வீட்டு அடுப்பங்கரையில் அமர்ந்து, படிக்கத் தெரியாத என் தந்தை, ஒவ்வொரு நூலாக எடுத்து, ஒவ்வொரு தாளாகப் பிரித்து, அடுப்புச் சூட்டில் காட்டி உலர்த்தினார்.

தம்பியின் எலும்பு கூடியது. ஆனால் கால் சற்றுக் குட்டையாயிற்று. அவன் மீண்டும் திடலில் இறங்கவில்லை. ஊருக்குத் திரும்பியதும், கேட்டவர்க்கெல்லாம் ‘தோட்டத்து மேட்டில் வழுக்கி விழுந்தேன்’ என்றே சொன்னான். வாத்தியார் அண்ணன் பெயர் கெட்டுவிடக் கூடாது என்பது அவன் எண்ணம். நானும் அவ்வாறே இருக்க விட்டுவிட்டேன். பொய் அவனுடையது, அதன் ஆதாயம் என்னுடையது. அவன் பின்னர்ச் சுங்கை சிப்புட்டில் வண்டி இருக்கைகளுக்கு உறை தைக்கும் கடையொன்றில் வேலை கற்றுக்கொண்டு, நாளடைவில் சொந்தமாகவே ஒரு சிறு கடை வைத்தான்.

என் மகள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். சித்தப்பா நொண்டி நடப்பதைப் பிறந்தது முதல் பார்த்தவள் அவள். காரணத்தை அன்றுதான் அறிந்தாள். என்னைக் கடிந்து ஒரு சொல்லும் சொல்லவில்லை. பெட்டியை மெல்ல மூடி, “நாளைக்குச் சித்தப்பாவைப் பார்க்கப் போகலாம், அப்பா” என்றாள்.

தம்பி தன் கடையில் தையல் பொறியின் முன் அமர்ந்திருந்தான். மகள் சுற்றிவளைக்காமல், “சித்தப்பா, கிரிக் வழியாகக் கிளந்தானுக்குப் போகிறேன். மோட்டாருக்குப் பை வேண்டும். அப்பா எல்லாம் சொல்லிவிட்டார்” என்றாள்.

அவன் என்னை ஏறிட்டுப் பார்த்தான். “சொல்லிவிட்டீர்களா, அண்ணே” என்றான். பிறகு அளவுநாடாவை எடுத்துக்கொண்டு எழுந்து வண்டியருகே போய்விட்டான். முப்பது ஆண்டுப் பேச்சு எங்களுக்குள் அவ்வளவில் முடிந்தது.

அவன் வண்டியைச் சுற்றிச்சுற்றி வந்து அளவெடுத்தான். இருக்கையின் அகலம், விலாவின் உயரம், புகைக்குழாய்க்கு விட வேண்டிய இடைவெளி, கால் வைக்கும் இடத்துக்கும் பைக்கும் நடுவே இருக்க வேண்டிய இடம் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டான். தடித்த கித்தான் துணியில் இரண்டு பைகள். இருக்கையின் குறுக்கே அவற்றை இணைக்கும் இரு அகலப் பட்டைகள். வண்டிச் சட்டத்தோடு முன்னும் பின்னும் இழுத்துக் கட்ட நான்கு நாடாக்கள். இரவில் வெளிச்சம் பட்டால் ஒளிரும் பட்டை ஒன்று பின்பக்கத்தில். எடை தாங்கும் இடங்களில் எல்லாம் நைலான் நூலால் இரட்டைத் தையல். “ரப்பர் நாடா வேண்டாம். அது இழுத்தால் நீளும், நனைந்தால் வழுக்கும். நீளாத நாடாவும் பற்கொக்கியும்தான் வேண்டும்” என்றான். உள்ளே வைக்க நீர் புகாத பைகளை மட்டும் கடையில் வாங்கச் சொன்னான். பணம் வாங்க மறுத்துவிட்டான்.

பைகள் வந்ததும் வீட்டில் பொருள் அடுக்கும் படலம் தொடங்கியது. மகள் தான் கொண்டுபோக விரும்பியவற்றையெல்லாம் கூடத்தில் பரப்பினாள். டெட் சைமன் என்ற ஆங்கிலச் செய்தியாளர் 1973 முதல் 1977 வரை 500 சி.சி. டிரையம்ப் வண்டியில் உலகைச் சுற்றி வந்து எழுதிய நூலை அவள் அப்போது படித்துக்கொண்டிருந்தாள். “நான்கு ஆண்டுப் பயணத்துக்கே ஒரு வண்டி கொள்ளும் பொருள் போதும் என்றால், ஆறு நாளைக்கு இவ்வளவு எதற்கு?” என்று தன்னையே கேட்டுக்கொண்டு ஒவ்வொன்றாக விலக்கினாள். ஆறு நாளைக்கு ஆறு உடை என்றிருந்தது மூன்றாயிற்று. இரவில் துவைத்தால் காலையில் உலரும் துணியாகத் தேர்ந்தாள். மூன்று இணைக் காலணி ஒன்றாயிற்று. மழையுடை, மருந்து, துளை ஒட்டும் பொருள்கள், திருகாணிக் கருவிகள், கைவிளக்கு, குடிநீர் ஆகியவை நிலைபெற்றன. என் துணைவியார் ஒரு டின் முறுக்கை இருமுறை பைக்குள் வைத்தார். இருமுறையும் அது வெளியே வந்தது. மூன்றாம் முறை ஒரு சிறு பொட்டலமாகி உள்ளேயே தங்கிவிட்டது.

வண்டியின் கையேட்டில் ஏற்றத்தக்க மொத்த எடை குறிக்கப்பட்டிருக்கும். ஓட்டுகிறவரின் எடையும் அதில் அடக்கம் என்பதைப் பலர் மறந்துவிடுகின்றனர். பொருள்களை எடை போட்டபோது முதலில் பதினேழு கிலோ வந்தது. விலக்க விலக்கப் பதினொன்றில் நின்றது. கனமானவை பையின் அடியில், வண்டியின் உடலை ஒட்டி, இலேசானவை மேலே, மழையுடை மட்டும் எல்லாவற்றுக்கும் மேல், நினைத்த மாத்திரத்தில் கைக்கு எட்டும்படி. பின்பெட்டியே வேண்டாம் என்று அவள் விட்டுவிட்டாள்.

புறப்படுவதற்கு முதல்நாள் மாலை தம்பி வீட்டுக்கு வந்தான். கையில் ஒரு நீண்ட கம்பு. அதைக் கண்டதும் எனக்கு நெஞ்சு அடைத்தது. அப்பாவின் காண்டாக் கம்பு! அவர் மறைந்த பின் அது என்னவாயிற்று என்று நான் எண்ணியதே இல்லை. தம்பி தன் கடையில் துணிச்சுருளை மாட்டிவைக்கும் தடியாக அதை இத்தனை காலமும் காத்து வந்திருக்கிறான். தோள் பட்டுப்பட்டு நடுப்பகுதி மெருகேறி வழவழத்திருந்தது.

நிரப்பிய பைகள் இரண்டையும் பட்டையைக் கழற்றி ஆளுக்கொரு முனையில் மாட்டச் சொன்னான். கம்பின் நடுவில் தோளைக் கொடுத்து, குட்டைக் காலை ஊன்றி, மெல்ல எழுந்து நின்றான். கண்ணை மூடிக்கொண்டான்.

“வலப்பக்கம் கனக்கிறது, அம்மா. கருவிப்பையை இந்தப் பக்கம் மாற்று” என்றான்.

மகள் மாற்றினாள். கம்பு சமமாக நின்றது. தம்பி கூடத்தின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை நொண்டியபடியே நடந்து பார்த்தான். பைகள் ஆடவில்லை. “சரியாக இருக்கிறது” என்று இறக்கிவைத்தான். “திரும்பி வரும்போது ஏதாவது வாங்கினால் ஒரே பையில் போட்டுவிடாதே. இரண்டு பக்கமும் பிரித்துப் போடு. எண்ணெய் நிலையத்தில் நிற்கும்போதெல்லாம் நாடாவைத் தொட்டுப் பார்.”

அப்பா 1983இல் எனக்குச் சொன்னதும் இதுதான். அவர் சொன்னபோது நான் கேட்கவில்லை. அவர் பேத்தி கேட்டுக்கொண்டாள்.

மறுநாள் விடியற்காலையில் அவள் புறப்பட்டாள். நண்பகலில் தெமெங்கோர் ஏரிப் பாலத்திலிருந்து ஒரு படம் அனுப்பினாள். யானை கடக்கும் இடம் என்ற அறிவிப்புப் பலகையருகே நின்று இன்னொன்று அனுப்பினாள். மாலை நான்கு மணிக்கு ‘ஜெலி தாண்டிவிட்டேன்’ என்று செய்தி வந்த பிறகே எனக்குச் சோறு இறங்கியது. ஆறாம் நாள் அந்தியில் வெயிலில் கறுத்த முகத்தோடு வீட்டு வாசலில் வந்து நின்றாள். அவள் நலத்தை நான் கேட்டுக்கொண்டிருக்கையில், தம்பி குனிந்து தன் தையலைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தான். ஓர் இழையும் பிரியவில்லை.

நான் ஓய்வு பெற்றுப் பல ஆண்டுகள் ஆகின்றன. எப்போதேனும் பள்ளிகளில் பேச அழைக்கின்றனர். வலியறிதல் அதிகாரத்தைச் சொல்லும்போது முன்போல் கரும்பலகையில் வண்டி வரைவதில்லை. தகரப் பெட்டியின் நசுங்கிய மூலையைப் பற்றிச் சொல்கிறேன். தாள் தாளாக நூல்களை உலர்த்திய கைகளைப் பற்றிச் சொல்கிறேன். என் பிழையையும் ஒளிக்காமல் சொல்கிறேன். பிள்ளைகள் இப்போது கைதட்டுவதில்லை, அமைதியாகக் கேட்கின்றனர். சுமையின் அளவை நூல் சொல்லும். அதை வைக்கும் இடத்தைச் சுமந்த தோள்தான் சொல்லும். அத்தோளுக்குரியவர் பெரும்பாலும் நம் வீட்டிலேயே இருக்கிறார். பயணம் புறப்படுமுன் அவரை ஒருமுறை கேட்டுவிட்டுப் போவது நல்லது.